அப்பா பெயரில் யாரோ வாங்கிய கடன்: ஆதார், பான் விவரங்களை எப்படிக் காப்பாற்றுவது?

கேட்கப்பட்டது இதுதான். ஓய்வுபெற்ற அப்பாவின் பெயரில், அவருக்கே தெரியாமல், ஒரு லோன் ஆப் வழியாக 38,000 ரூபாய் கடன் வாங்கப்பட்டிருக்கிறது. வசூல் ஆட்கள் தினமும் போன் செய்கிறார்கள். ஆதார் கார்டும் பான் கார்டும் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. பிறகு எப்படி இது நடந்தது, இப்போது என்ன செய்வது, வீட்டில் மற்றவர்களை எப்படிக் காப்பது? வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இதே கேள்வியோடு வந்து நின்ற பலருடைய காகிதங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அவசரமான விஷயம். வசூலுக்குப் பேசுகிறவர், "முழுசா வேண்டாம் சார், ஒரு தவணை மட்டும் கட்டிடுங்க, பேரை எடுத்துடலாம்" என்பார். அப்பா பயந்துபோய் ஒரு ரூபாய்கூடக் கட்டிவிடக் கூடாது. கட்டினால், "கடன் அவருடையதுதான், அதனால்தானே தவணை கட்டினார்" என்று பிறகு வாதாட அவர்களுக்கு நீங்களே ஆதாரம் கொடுத்தது போல் ஆகிவிடும். போனில் பிறந்த தேதி, ஓடிபி, வங்கிக் கணக்கு என்று எதைக் கேட்டாலும் சொல்ல வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனத்தின் முழுப் பெயரும் கடன் கணக்கு எண்ணும் எழுத்தில் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். ஆப்பின் பெயர் வேறாக இருக்கும், அதற்குப் பின்னால் உண்மையில் பணம் கொடுக்கும் நிதி நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கும். நமக்கு வேண்டியது பின்னதுதான். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த நேரத்தில் வரும் அழைப்புகளைக் குறித்து வையுங்கள், புகாரில் சேர்க்கலாம்.

சரி, பீரோவில் இருக்கும் கார்டை வைத்து எப்படிக் கடன் வாங்கினார்கள்? கார்டே தேவையில்லை, எண் போதும். அந்த எண் வீட்டை விட்டு எப்போதோ போய்விட்டது. சிம் வாங்க ஒரு நகல், கேஸ் இணைப்புக்கு ஒரு நகல், நகைக்கடன், சீட்டு, இன்சூரன்ஸ், பேரனின் ஸ்காலர்ஷிப், திருப்பதி லாட்ஜ், வாடகை ஒப்பந்தம் என்று ஒரு குடும்பத்தலைவர் பத்து வருடத்தில் எத்தனை இடத்தில் நகல் கொடுத்திருப்பார் என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அந்த நகல்களைக் கிழித்துப் போடும் வழக்கம் எத்தனை அலுவலகத்தில் இருக்கிறது? பழைய பேப்பர் கடைக்குப் போன கட்டுகளில் ஆதார் நகல்களும் இருக்கும்.

காகிதம் மட்டுமல்ல. தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்திருப்பதாக 2021-ல் ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தது. 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பெரிய உடல்நலக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராமில் கேட்டால் கிடைக்கும் நிலைக்கு வந்தன. இதில் அப்பா செய்த தப்பு எதுவும் இல்லை. நிறுவனங்கள் காக்கத் தவறியதை அவர் மேல் சுமத்தாதீர்கள். "நீங்க யார்கிட்ட கொடுத்தீங்க?" என்று வீட்டில் எல்லோரும் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தால், அடுத்த முறை ஏதாவது நடந்தால் வெளியே சொல்லவே மாட்டார். அதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்து.

சின்னத் தொகைக் கடன்களில் பரிசோதனை எவ்வளவு தளர்வாக இருக்க முடியும் என்பது 2022 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது. ஒரு பிரபலமான கடன் ஆப்பில், தங்கள் பான் எண்ணை வைத்து வேறு யாரோ கடன் வாங்கியிருப்பதாகப் பலர் வரிசையாகப் புகார் சொன்னார்கள். நடிகை சன்னி லியோனும் அவர்களில் ஒருவர். அவர் பெயரில் போன கடன் 2,000 ரூபாய். தொகை சின்னதாக இருந்ததால்தான் யாரும் உடனே கவனிக்கவில்லை. வட்டியும் அபராதமும் ஏறி, கடன் தகுதியைக் காட்டும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் விழுந்து, வீட்டுக்கடன் கேட்டுப் போகும் அன்றைக்குத்தான் நிறையப் பேருக்குத் தெரிய வருகிறது.

ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் ரகசியமாக வைப்பதே பாதுகாப்பு என்று நினைப்பது இன்றைக்குப் பயன்படாது. அவை வெளியே போய்விட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இன்னும் இருப்பவை இரண்டு: அந்த எண்களுக்கு உயிர் கொடுக்கும் போன் நம்பரும் கைரேகையும், உங்கள் பெயரில் எங்கே என்ன நடக்கிறது என்று அவ்வப்போது போய்ப் பார்க்கும் வழக்கம். எல்லோரும் முதலாவதைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டாவதை யாரும் செய்வதில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடன் விவரம் பார்க்க இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் உண்டு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நாம் எல்லாவற்றையும் சேர்த்து 'சிபில்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால், காசு செலவில்லாமல் வருடம் முழுக்கக் கண் வைத்திருக்கலாம். அறிக்கையில் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கடைசியில் 'என்கொயரி' என்று ஒரு பகுதி இருக்கும். எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம், எந்தத் தேதியில் உங்கள் அறிக்கையைக் கேட்டது என்று அதில் வரும். நீங்கள் கடனே கேட்காத ஒரு நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், யாரோ உங்கள் பெயரில் முயற்சி செய்கிறார்கள் என்று பொருள். கடன் கைக்குப் போகும் முன்பே பிடிக்க முடிகிற இடம் அதுதான். மேலே முகவரி, போன் நம்பர்கள் இருக்கும் பகுதியையும் படியுங்கள். உங்களுக்குத் தெரியாத ஊர் முகவரியோ நம்பரோ அதில் ஏறியிருந்தால் அதுவும் அடையாளம்தான். யாராவது உங்கள் அறிக்கையைப் பார்த்தால் எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சலில் தகவல் வர வேண்டும் என்றும் 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து விதி இருக்கிறது. அது வர வேண்டுமென்றால் அங்கே பதிவாகியிருக்கும் நம்பர் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

அடுத்தது சிம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரைக் கொடுத்து ஓடிபி போட்டால், உங்கள் அடையாளத்தில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்று காட்டும். உங்களுடையது அல்லாத நம்பர் இருந்தால் "இது என் நம்பர் இல்லை" என்று அங்கேயே குறித்து அனுப்பலாம். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 சிம்தான் இருக்கலாம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உங்கள் பெயரில் இருக்கும் சிம்மிலிருந்து ஒருவன் மோசடி செய்தால், போலீஸ் முதலில் வந்து தட்டுவது உங்கள் கதவைத்தான்.

பான் விஷயத்தில் இன்னொரு இடம் உண்டு, பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. கூலி வேலை செய்பவர், தையல் வேலை செய்யும் பெண், கல்லூரி மாணவர் என்று வரியே கட்டாதவர்களுக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வருவதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். கடன் வாங்கித் தருகிறேன், அரசு உதவி வாங்கித் தருகிறேன் என்று ஆதாரையும் பானையும் வாங்கிப்போய், அந்தப் பெயரில் ஒரு போலி நிறுவனத்தைப் பதிந்து, சரக்கே இல்லாமல் பில் போடுகிறார்கள். ஜிஎஸ்டி தளத்தின் முகப்பிலேயே பான் எண்ணைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. லாகின்கூட வேண்டாம். அந்த பான் எண்ணில் எந்த மாநிலத்தில் பதிவு இருந்தாலும் காட்டிவிடும். பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாடு 33. அதற்கு அடுத்த பத்து எழுத்தும் எண்ணும் உங்கள் பான்தான். நீங்கள் தொழில் எதுவும் செய்யாதவர் என்றால் அங்கே எதுவும் வரக் கூடாது. வந்தால், அன்றைக்கே அந்தத் தளத்தின் புகார் பகுதியில் பதிந்துவிட்டு, காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். அதே மாதிரி வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை கிடைக்கும். நீங்கள் வாங்காத வாடகை, போடாத டெபாசிட் அதில் தெரிந்தால், உங்கள் பான் எண்ணை வீட்டு உரிமையாளர் எண்ணாகப் போட்டு யாரோ வரிச்சலுகை எடுத்திருக்கலாம். அந்தப் பதிவுக்குப் பக்கத்திலேயே மறுப்புத் தெரிவிக்க இடம் உண்டு.

நிலம் வைத்திருப்பவர்கள் வில்லங்கச் சான்றையும் வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நம் ஊரில் அடையாளத் திருட்டு இணையத்தோடு வந்தது இல்லை. வெளிநாட்டில் இருப்பவரின் மனையை ஆள்மாறாட்டம் செய்து எழுதிக்கொடுப்பது அதற்கு முன்பே இருந்த தொழில்.

இப்போது கைரேகைக்கு வருகிறேன். ஊர்ப்புறங்களில் ஆதாரோடு கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறை இருக்கிறது இல்லையா, அதில் ஓடிபி கிடையாது. வங்கிப் பெயர், ஆதார் எண், ரேகை, இவ்வளவுதான். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். வயதானவர்களுக்கு இது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் ரேகையை நகல் எடுக்க முடியும். 2018-லேயே தெலங்கானாவில் ஒருவர், பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் இருந்த ஆவணங்களிலிருந்து கட்டைவிரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் அச்சு செய்து, ஆயிரக்கணக்கான சிம்களைச் செயல்படுத்தியதாகப் பிடிபட்டார். அதற்குப் பிறகு இதே முறையில் வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் வந்தன. பத்திரம் பதிந்த சில நாளில் பணம் போனது என்று சிலர் சொன்னதற்குக் காரணம் இதுதான். அசல் விரலா, அச்சா என்று கண்டுபிடிக்கும் சோதனையை 2023-ல் ஆதார் ஆணையம் கொண்டுவந்தது. அது நல்ல முன்னேற்றம். அதையும் மீறி நம் பக்கம் ஒரு பூட்டு இருக்கிறது.

ஆதார் ஆப்பிலோ ஆதார் தளத்திலோ 'பயோமெட்ரிக் லாக்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் உங்கள் ரேகையை யார் வைத்தாலும், நீங்களே வைத்தாலும், ஏற்காது. தேவைப்படும்போது திறந்து கொள்ளலாம். ஆனால் ஒரு விஷயம். நம் ரேஷன் கடையில் ரேகை வைத்துத்தான் பொருள் வாங்குகிறோம். பூட்டிவிட்டுக் கடைக்குப் போனால் வரிசையில் நின்று திரும்ப வேண்டியிருக்கும். எனவே வீட்டில் ரேஷனுக்குப் போகிற ஒருவரைத் தவிர மற்றவர்களுடையதைப் பூட்டுங்கள். அப்பா ஓய்வூதியத்துக்கு வருடாந்திர உயிர்வாழ் சான்று ரேகை வைத்துக் கொடுப்பவர் என்றால் அந்தச் சமயத்தில் திறந்து, முடிந்ததும் மறுபடி பூட்டிவிடுங்கள். போனைக் கையாளத் தெரியாத பாட்டி தாத்தாவுக்கு இதைச் செய்துகொடுக்க வேண்டியது வீட்டில் இருக்கும் இளையவர்களின் வேலை. அவர்கள் கணக்கில் ரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதியே வேண்டாம் என்றால், அதை நிறுத்த முடியுமா என்று வங்கிக் கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள்.

அதே தளத்தில், உங்கள் ஆதார் கடந்த ஆறு மாதத்தில் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாறும் கிடைக்கும். ஆதாரில் மின்னஞ்சலைப் பதிந்து வைத்தால், ஒவ்வொரு முறை சரிபார்க்கப்படும்போதும் மெயில் வரும். போன் நம்பரை மட்டும் பதிந்துவிட்டு மின்னஞ்சலை விட்டுவிட்டவர்கள்தான் அதிகம். ஏதாவது சந்தேகம் என்றால் 1947 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

போன் நம்பர்தான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் சாவி. வங்கி, ஆதார், வருமான வரி, மெயில் எல்லாமே அதன் வழியாகத்தான் திறக்கின்றன. இங்கே நான் அதிகம் பார்த்த ஓட்டை, பழைய நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் முடக்கப்பட்டு, 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குப் போகலாம். ஆதாரிலும் வங்கியிலும் அந்தப் பழைய நம்பரே இருந்தால், உங்கள் ஓடிபி எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிற நம் ஆட்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. ஊர் சிம்மை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒன்று அதைக் குறைந்தபட்ச ரீசார்ஜில் உயிரோடு வையுங்கள், இல்லையென்றால் போவதற்கு முன் எல்லா இடத்திலும் நம்பரை மாற்றிவிட்டுப் போங்கள்.

போனில் திடீரென்று சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் நன்றாக இருந்தால், கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் நம்பருக்கு வேறு யாரோ மாற்று சிம் வாங்கியிருக்கலாம். அப்படி மாற்றி வாங்கிய சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராதபடி ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அந்த இடைவெளி உங்களுக்காகத்தான். உடனே வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தையும் வங்கியையும் கூப்பிடுங்கள். "கூரியர் வந்திருக்கு, இந்த நம்பரை டயல் பண்ணுங்க" என்று நட்சத்திரக் குறியோடு 401 என்று தொடங்கும் எண்ணைக் கொடுப்பார்கள். அதை அழுத்தினால் உங்கள் அழைப்புகள் எல்லாம் அவர்களுக்குத் திரும்பிவிடும். ஏற்கெனவே அழுத்திவிட்டோமோ என்று சந்தேகம் இருந்தால் ##002# அழுத்தினால் திருப்பிவிட்டது எல்லாம் ரத்தாகும்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான், வங்கிக் கேஒய்சி என்று ஏபிகே என முடியும் கோப்பு (போனில் ஒரு ஆப்பை நிறுவும் கோப்பு) வந்தால் தொடவே வேண்டாம். தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தாலும் அப்படித்தான். அவர் போன் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கும். அந்தக் கோப்பு உள்ளே போனதும் முதலில் கேட்பது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி. அதற்குப் பிறகு ஓடிபியை நீங்கள் யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அதுவே எடுத்துக்கொள்ளும். மெயிலுக்கு இரண்டு அடுக்குப் பாதுகாப்பு போடுவது, ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைக்காமல் இருப்பது எல்லாம் நீங்கள் அறிந்ததே, அதை நீட்டவில்லை.

நகல் கொடுப்பது பற்றி. கொடுக்காமல் இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் "ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள்" என்று அறிவித்து, பதற்றம் ஏற்பட்டதும் இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றாலும் அந்த அறிவுரை சரியானதுதான் என்பது என் எண்ணம். மறைத்த ஆதாரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும்தான் தெரியும். ஆதார் தளத்திலேயே தரவிறக்கலாம். லாட்ஜ், அப்பார்ட்மெண்ட் வாசல் போன்ற இடங்களுக்கு அது தாராளமாகப் போதும். அல்லது டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை கொடுங்கள். முழு நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், கையெழுத்தை ஓரத்தில் போடாமல், எழுத்தின் மேலேயே குறுக்காக "இன்ன நிறுவனத்தில் சிம் வாங்க மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். புகைப்படத்தின் மேலும் கொஞ்சம் படட்டும். அந்த நகலை வேறு இடத்தில் பயன்படுத்துவது கஷ்டமாகிவிடும். பின்னால் தகராறு வந்தால், எந்த இடத்திலிருந்து போனது என்றும் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கும் இதையே செய்யலாம்.

ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும்தான் நாம் கவனிக்காத இடம். தரவிறக்கிய ஆதார் பிடிஎஃப் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைப்போம். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அதன் பாஸ்வேர்டு. உங்கள் பெயர் தெரிந்து, உங்களைப் பார்த்து வயதை ஊகிக்கும் யாரும் சில முயற்சியில் திறந்துவிடலாம். பிரிண்ட் எடுத்து முடித்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழித்துவிட்டு, வாட்ஸ்அப் வெப், மெயில் இரண்டிலும் வெளியேறிவிட்டு எழுந்திருங்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் யாரென்று அவருக்கும் தெரியாது.

வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள். "உன் அக்கவுண்டைக் கொடு, மாசம் ஐயாயிரம் தர்றேன்" என்று யாராவது கேட்டால் அது மோசடிப் பணம் கடந்துபோகும் வழிக்குத்தான். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் சேர்த்துக் கேட்பார்கள். கணக்கு முடக்கப்பட்டு, வேறு மாநிலப் போலீஸ் அழைக்கும்போது அந்தப் பையன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி உங்கள் அப்பாவின் கடன். இதில் எல்லாமே எழுத்தில் நடக்க வேண்டும். முதலில் நான்கு நிறுவனங்களிடமிருந்தும் அறிக்கை எடுங்கள், ஏனென்றால் நான்கிலும் அந்தக் கடன் ஏறியிருக்கும். வேறு கடன்களும் இருக்கலாம், ஒன்றைத் தேடிப் போனவருக்கு மூன்று கிடைத்தது உண்டு. அடுத்து கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல், கூடவே பதிவுத் தபால். இந்தக் கடனை நான் வாங்கவில்லை என்று சொல்வதோடு நிறுத்தாமல், இவற்றைக் கேளுங்கள்: விண்ணப்ப நகல், இணைத்த அடையாள ஆவணம், எடுத்த செல்ஃபி அல்லது வீடியோ, ஓடிபி போன நம்பர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்ற விவரம். டிஜிட்டல் கடன் என்றால் பணம் கடன் வாங்கியவரின் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் நேராகப் போக வேண்டும் என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. அப்பாவின் கணக்குக்கு அந்தப் பணம் வரவில்லை என்றால், அவருடைய பாஸ்புக் பக்கத்தை இணைத்தாலே பாதி வழக்கு முடிந்தது. பணம் போன கணக்கு யாருடையது என்பதைச் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.

அதே நாளில் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். மாவட்டத்தில் இருக்கும் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து, புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி பிரிவுகளைக் குறிப்பிடலாம். முதலாவது அடுத்தவர் அடையாளத்தைப் பயன்படுத்துவதற்கு, இரண்டாவது கணினி வழி ஆள்மாறாட்டத்துக்கு. இரண்டிலும் மூன்று வருடம் வரை சிறை உண்டு. "சின்னத் தொகைதானே" என்று நிலையத்தில் தட்டிக்கழித்தாலும் ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். நிறுவனமும் சிபிலும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

பிறகு நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் தனித்தனியாக மறுப்புப் பதிய வேண்டும். ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாகத் திருந்தும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடாகத் தர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள். கடன் நிறுவனமும் 30 நாளில் பதில் தரவில்லை, அல்லது மழுப்பலாகத் தந்தது என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

கடனாக இல்லாமல் கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால் வரிசை மாறும். அப்போது முதல் வேலை 1930-ஐ அழைப்பது, அதுவும் அந்த மணி நேரத்திலேயே. பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் அதை நிறுத்தி வைக்க முடியும். வங்கிக்கும் உடனே எழுதுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியே நடந்த மோசடி என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை என்கிறது 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை நீங்கள் தாங்க வேண்டியிருக்கும். ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், தகவல் சொல்லும் வரை போன பணம் உங்கள் பொறுப்பு, சொன்ன பிறகு போனது வங்கியின் பொறுப்பு. இதனால்தான் வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போடுவது இவ்வளவு இழப்பைக் கொண்டுவருகிறது.

வங்கியோடு மோதி ஜெயிக்க முடியுமா என்று சிலர் சோர்ந்துவிடுகிறார்கள். முடியும். போலி மின்னஞ்சலால் பணம் இழந்த ஒரு வெளிநாட்டுவாழ் தமிழருக்கு, 2010 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் விசாரித்து, வங்கி 12 லட்சம் ரூபாய்க்கு மேல் தர வேண்டும் என்று உத்தரவிட்டார். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை வங்கி ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை என்பதும் அங்கே ஒரு முக்கியமான கேள்வியாக எழுந்தது. உங்கள் அப்பா விஷயத்திலும் விடாமல் பிடிக்க வேண்டிய இடம் அந்தக் கணக்குதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். நீங்கள் புகார் கொடுத்த கொஞ்ச நாளில், "சிபில்லிருந்து பேசுறோம்", "சைபர் கிரைம் ஆபீஸ்லேர்ந்து பேசுறோம், பணம் கட்டினா பேரை நீக்கிடுவோம்" என்று அழைப்புகள் வரத் தொடங்கலாம். ஒரு தடவை ஏமாற்றப்பட்டவர்களின் நம்பர்கள் தனியாகக் கைமாறுகின்றன. அறிக்கையில் தப்பைத் திருத்த எந்த நிறுவனமும் காசு வாங்காது, போலீஸ் போனில் பணம் கேட்காது, வீடியோ காலில் கைது என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை. அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த விஷயமாக யார் அழைத்தாலும் "என் பிள்ளைகிட்ட பேசுங்க" என்று சொல்லி உங்கள் நம்பரைக்கூடக் கொடுக்காமல் வைத்துவிடச் சொல்லுங்கள். உண்மையான பதில் எதுவாக இருந்தாலும், நீங்கள் புகாரில் கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கோ வீட்டு முகவரிக்கோ வரும்.